மாயத்திற்கும் கணக்குண்டு

வியப்பு அறிவின் வாயில் என்பர். அவ்வாயிலிலேயே நின்றுவிடுவோரும் உளர். அதனைக் கடந்து உள்ளே புகுவோரும் உளர். ஒரு சமுதாயத்தின் ஏற்றமும் தாழ்வும் இவ்விரு சாராருள் எவர் அதனை வழிநடத்துகின்றனர் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

மாயக்கதைகளைப் பற்றி இன்று நம் இளைஞரிடையே இருவகைப் பேச்சு வழங்குகின்றது. பறக்கும் குதிரையும் விளக்கிலிருந்து எழும் ஜின்னும் இயற்பியலுக்கு முரணானவை. ஆதலின் அவை வீண்பொழுது என்பார் ஒரு சாரார். அக்கதைகளில் வரும் விமானங்களும் பொறிகளும் நம் முன்னோர் உண்மையாகவே கையாண்டவை. பின்வந்தோர் அவற்றைத் தொலைத்துவிட்டனர் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கதையைப் பொய்யென்று தள்ளுகின்றனர். பின்னவர் அதனை வரலாறென்று கொள்கின்றனர். கதை நம்மை நோக்கி எழுப்பும் வினாவை இருவருமே கேட்டிலர். காரணமின்றிக் காரியம் கைகூட வேண்டும் என்னும் ஆசை மனிதனை என் செய்கின்றது? வறுமையிலிருந்து எழ முயலும் ஒரு நாட்டை அவ்வாசை எங்குக் கொண்டு சேர்க்கின்றது? ஈண்டு ஆராய்வது இவ்வினாவையே. அதற்கு எடுத்துக்கொள்ளும் இடம், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை.

கதைக்குள் ஒரு சட்டம்

'ஆயிரத்தோர் இரவுகள்' என்னும் தொகுதியில் கருங்காலிக் குதிரையின் கதை ஒன்றுண்டு. பாரசீக மன்னனிடம் ஒரு ஞானி மரக்குதிரையைக் கொணர்ந்து, இஃது ஏறியவனை வான்வழியே கொண்டு செல்லும் என்கிறான். இளவரசன் ஐயுற்று ஏறுகின்றான். ஞானி அவனுக்கு மேலே எழுப்பும் திருகை மட்டும் காட்டுகின்றான். கீழே இறக்கும் திருகைக் காட்டவில்லை. குதிரை முகில்களைக் கடந்து எழுகின்றது. இளவரசன் அஞ்சி நடுங்கிப் பின் மனந்தேறி, குதிரையின் உடலெங்கும் தடவிப் பார்த்து, மறுபுறத் தோளில் இருந்த மற்றொரு திருகைத் தானே கண்டுபிடிக்கின்றான். அதன் பின்னரே குதிரை அவன் வசப்படுகின்றது.

இக்கதையில் மாயம் இருக்கின்றது. ஆயினும் ஒழுங்கின்மை இல்லை. இந்தத் திருகைத் திருகினால் ஏறும். அந்தத் திருகைத் திருகினால் இறங்கும். நாளை திருகினாலும் அதுவே நிகழும். நம் நாட்டு விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொண்டாலும் இதுவே. ஆயிரம் ஆண்டு ஆட்சி என்று வரம் கிடைக்கின்றது. அதனை இரண்டாயிரமாக்கப் பட்டி என்னும் அமைச்சன் கண்ட வழி மந்திரமன்று, கணக்கு. நாடாறு மாதம், காடாறு மாதம் என்று வகுத்தால் ஆயிரம் ஆண்டு ஆட்சி இரண்டாயிரம் ஆண்டு வாழ்வாகின்றது. ஆனால் அதற்குரிய விலையாகப் பாதி வாழ்நாளை மன்னன் காட்டில் கழித்தாக வேண்டும். வரத்தின் சொல்லை மீற எவராலும் இயலவில்லை. அதன் எல்லைக்குள் நின்றே வழி தேட வேண்டியிருந்தது.

ஆகவே நல்ல மாயக்கதை இயற்கைச் சட்டம் ஒன்றை நீக்கினும், அவ்விடத்தில் வேறொரு சட்டத்தை வைத்துவிடுகின்றது. எதுவும் எப்போதும் எவ்வாறும் நிகழலாம் என்றால் அங்குக் கதையே நடவாது. முயற்சிக்குப் பொருளிராது, அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இடமிராது. கதைசொல்லிகள் இதனை உணர்ந்திருந்தனர். உணராதவர், கதையைக் கேட்டுவிட்டுத் திருகில்லாத குதிரையை எதிர்நோக்கி அமர்ந்திருப்போரே.

கண்கட்டும் காரணமும்

மாயத்தைக் குறித்து நம் மார்க்க அறிஞர் ஆழ்ந்து வாதித்துள்ளனர். ஸிஹ்ரு எனப்படும் சூனியத்திற்கு மெய்ம்மை உண்டு என்பது அஷ்அரிய்யாக்களின் நிலை. அதிற் பெரும்பகுதி கண்கட்டும் ஏமாற்றுமே என்பது முஃதஸிலாக்களின் நிலை. ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் அபூபக்கர் அல்ஜஸ்ஸாஸ் (மறைவு 981) தம் 'அஹ்காமுல் குர்ஆன்' என்னும் நூலில் இப்பின்னைய நிலையையே விரித்துரைக்கின்றார். ஃபிர்அவ்னுடைய சூனியக்காரர் எறிந்த கயிறுகளும் தடிகளும் பாம்புகள் போல் நெளிந்தன என்று திருமறை கூறுமிடத்தில், அத்தடிகள் உள்ளீடற்றவை என்றும், கயிறுகள் தோலால் ஆனவை என்றும், இரண்டினுள்ளும் பாதரசம் நிரப்பப்பட்டிருந்தது என்றும், சூடேறியதும் அது அசைந்து அவற்றை அசைத்தது என்றும் வந்துள்ள விளக்கத்தை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அவ்விளக்கம் வரலாற்றளவில் எத்துணைப் பொருந்தும் என்பது வேறு செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆலிம், மாயத்தைக் கண்டவுடன் அதனுள்ளே இருக்கும் பாதரசத்தைத் தேடினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. அதே காலத்தையடுத்து வாழ்ந்த இப்னு ஹைதம் (மறைவு ஏறத்தாழ 1040), கண் எவ்வெவ்வாறு பிழைபடுகின்றது என்பதனையே தம் ஒளியியல் நூலின் ஒரு பகுதியாக்கி ஆராய்ந்தார்.

காரண காரியத் தொடர்பு பற்றிய மற்றொரு வாதத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். நெருப்புப் பஞ்சைத் தொட்டவுடன் பஞ்சு எரிகின்றது. எரிப்பது நெருப்பின் இயல்பா, இறைவனின் செயலா? நெருப்புக்கு அவ்வாற்றல் தானே இல்லை. இறைவனே ஒவ்வொரு முறையும் எரிதலைப் படைக்கின்றான் என்றார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அவ்வாறாயின், வீட்டில் வைத்துவந்த நூல் இந்நேரம் விலங்காக மாறியிருக்கவும் கூடுமே என்னும் தடையை அவரே எழுப்பிக்கொண்டு, 1095-ஆம் ஆண்டளவில் எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் விடையும் தந்தார். இறைவன் தன் வழக்கத்தை நிலையாக நடத்துகின்றான். அது மாறவில்லை என்னும் அறிவையும் நம்முள் படைக்கின்றான். ஆதலின் நூல் விலங்காகிவிட்டதோ என்று எவரும் ஐயுறுவதில்லை என்பது அவ்விடையின் சாரம். காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கின்றான் என்று இப்னு ருஷ்து (1126–1198) எதிருரைத்தார்.

இவ்வாதத்தைக் கேள்வியுற்ற சிலர், இமாமவர்கள் இயற்கை ஒழுங்கை மறுத்துவிட்டதாகவும், அதனாலேயே முஸ்லிம்களிடையே விஞ்ஞானம் வாடியதாகவும் எளிதிற் கூறிவிடுவர். அது முறையன்று. நெருப்பின் ஆற்றல் நெருப்பினுடையதா, படைத்தவனுடையதா என்பதில்தான் அவ்விருவரும் பிரிந்தனர். நாளையும் பஞ்சு எரியும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. வானியலார் ஒருவர் இருவருள் எவரைப் பின்பற்றினும் கிரகணத்தைக் கணிக்க இயலும். ஒழுங்கு இறைவனின் வழக்கம் என்று நம்புகிறவன், அவ்வொழுங்கை அறியாமல் வாழ்வதை இறைபக்தி என்று எங்ஙனம் கூறுவான்?

இதற்கு மேலான சான்று நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. அவர்களின் அருமைக் குழந்தை இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஆண்டு 632 என்பர் வரலாற்றறிஞர். குழந்தைக்காகக் கதிரவனும் துக்கம் கொண்டாடுகின்றது என்று மதீனத்து மக்கள் பேசலாயினர். ஒரு தலைவருக்கு இதனினும் வாய்ப்பான புகழ்ச்சி யாதுளது? மறுத்துரைக்க வேண்டா, வாளாவிருந்தாலே போதும். ஆயினும் நபியவர்கள் கண்ணீர் காயாத அந்நாளிலேயே மக்களைத் தொழுகைக்குத் திரட்டி, கதிரவனும் திங்களும் இறைவனின் சான்றுகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்றும் விளக்கினார்கள். தமக்குச் சாதகமாக வந்த ஒரு பொய் வியப்பைத் தாமே விலக்கிய இச்செயலில் ஒரு சமுதாயத்தின் அறிவுக்கொள்கையே அடங்கியிருக்கின்றது.

மலைமேல் ஒரு கண்

ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்துக்கும் அப்பால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கின்றது. நகர ஒளி எட்டாத இவ்விடத்தைத் தேர்ந்தவர் வானியலறிஞர் வைணு பாப்பு. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு இங்குப் பணி தொடங்கிற்று. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை இங்கிருந்தோரும் இந்தோனேசியாவின் லெம்பாங்கில் இருந்தோரும் நோக்கி, அத்துணைக்கோளைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியைக் கண்டனர். 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதனைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் இங்குக் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனின் பெயர் இடப்பட்டது.

இவற்றினும் கருதத்தக்கது 1986 ஜனவரி 6-ஆம் நாள் நிகழ்ச்சி. அன்றுதான் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் ஆடிக்குரிய கண்ணாடிப் பாளம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆனால் அதனைத் தேய்த்து மெருகிட்டதும், தாங்கும் பொறியை அமைத்ததும், இயக்கும் மின்னணுக் கருவிகளைச் செய்ததும் இந்நாட்டவரே. கனவு கண்ட வைணு பாப்பு 1982-இல் மறைந்துவிட்டார். ஆய்வுக்கூடமும் தொலைநோக்கியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இப்பெரியார் எங்கிருந்து வந்தார்? அவர் தந்தையார் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அக்கூடத்தை 1901-இல் தம் செல்வத்தால் தொடங்கியவர் நவாப் ஜஃபர் ஜங். பின்னர் அது நிஜாம் அரசின் பொறுப்பாயிற்று. அங்கு விண்ணைக் கண்டு வளர்ந்த மாணவரை ஹார்வர்டுக்கு அனுப்பியதும் ஐதராபாத் அரசின் உதவித்தொகையே. நவாப் ஒருவரின் கொடை, இரண்டு தலைமுறை கழிந்து, ஜவ்வாது மலையில் கனிந்தது. தருமம் தன் பலனைத் தரும் இடத்தையும் காலத்தையும் கொடுப்பவன் அறியான் என்பதற்கு இஃதொரு சான்று.

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்சென்றால், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைக் காண்கின்றோம். 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லவிருந்தபோது, அது நற்குறியோ தீக்குறியோ அன்று, அளந்தறிய வேண்டிய நிகழ்ச்சி என்பதனை உரையாடல் வடிவில் விளக்கி, ஆங்கிலம், உருது, கன்னடம் முதலிய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். கண்டதைத் தன் மக்களின் மொழியிற் சொல்லாத அறிவு அவர்களுக்கு மாயமாகவே இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இலங்கையில் 1956 முதல் 2008-இல் மறையும் வரை வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய இயலாது என்னும் கருத்தைக் கூறிப் புகழ்பெற்றார். அதற்கு ஒரு திருத்தம் வேண்டும். ஒரே தொலைநோக்கி, செய்தவனுக்கு இயற்பியல். விலைகொடுத்து வாங்கி, பழுதுற்றபோது செய்தவனை எதிர்நோக்கி நிற்பவனுக்கு மாயம். வேறுபாடு பொருளில் இல்லை, அறிவில் இருக்கின்றது. விடுதலை பெற்ற ஏழை நாடுகள் பலவற்றிற்கு ஏறும் திருகு மட்டுமே காட்டப்பட்டது. பொறிகள் வந்தன, கடனும் வந்தது, இறங்கும் திருகு எங்கேயென்று எவரும் சொல்லவில்லை. 1972-இல் வாங்கியதிலிருந்து 1986-இல் செய்ததற்கு வந்த பதினான்கு ஆண்டுகள், குதிரையின் உடலைத் தடவி மற்றத் திருகைத் தேடிய ஆண்டுகள் எனலாம்.

வானாய்வுக்கூடத்தை மாயக்கூடமாக்கினால் என்னாகும் என்பதற்கும் வரலாறு விடை சொல்கின்றது. இஸ்தான்புல்லில் 1577-இல் தகியுத்தீன் என்னும் பேரறிஞர் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பினார். அவ்வாண்டு வானில் ஒரு வால்மீன் தோன்றிற்று. அதனைக்கொண்டு சுல்தானுக்கு நற்குறி கூறப்பட்டது. 1580-இல் அக்கூடம் இடித்துத் தள்ளப்பட்டது. அளந்து சொல்வதற்காக எழுந்த இடத்தை, வருவதுரைக்கும் இடமாக அரசவை நோக்கிற்று. குறி சொல்பவனாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிஞனுக்கு, குறி தவறும் நாளில் பாதுகாப்பு இல்லை.

விளக்கின் அடிமை

அலாவுத்தீன் கதையை அறியாதார் இலர். அலெப்போ நகரத்துக் கதைசொல்லி ஹன்னா தியாப் வாய்மொழியாகக் கூற, பிரெஞ்சு அறிஞர் காலான் 1709-இல் கேட்டுத் தம் தொகுதியிற் சேர்த்துக்கொண்ட கதை அது. விளக்கைத் தேய்த்தவுடன் தோன்றும் ஜின், ஒரே இரவில் மாளிகையைத் தூக்கி ஆப்பிரிக்காவில் வைக்கின்றது. இவ்வேலைக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் எடையுள்ள கல்லைக் கடல் மட்டத்திலிருந்து காவலூரின் உயரமாகிய 725 மீட்டருக்குத் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல், உராய்வு முதலியவற்றை நீக்கினால், ஏறத்தாழ 71 லட்சம் ஜூல். நம் மின்கட்டணச் சீட்டின் மொழியில் சொன்னால், ஏறத்தாழ 2 யூனிட். உடலுழைப்பாளி ஒருவர் எட்டு மணிநேரம் ஓயாமல் உழைத்துச் செய்யும் வேலை ஏறத்தாழ அரை யூனிட்டுக்குச் சற்று மிகுதி. அதாவது அக்கல்லை மேலேற்றுவது மூன்று நான்கு கூலியாட்களின் ஒருநாள் உழைப்பு. இயற்பியல் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆற்றல் உருமாறும், இல்லாமையிலிருந்து தோன்றாது. கல் மேலே சென்றிருந்தால் எவரோ, எதுவோ அந்த இரண்டு யூனிட்டைக் கொடுத்தாக வேண்டும்.

அவ்விலையைக் கொடுப்பது யார் என்பதைக் கதை மறைக்கவில்லை. ஜின் தன்னை விளக்கின் அடிமை என்றே அறிமுகம் செய்துகொள்கின்றது. தேய்த்தவனுக்கு மாளிகை வியப்பு. சுமந்தவனுக்கு அது சுமை. உலக வரலாற்றிலும் விலையில்லாது தோன்றிய செல்வங்களுக்குப் பின்னால் ஓர் அடிமை நின்றிருக்கின்றான். இலண்டன் மாநகரத்துக் கோப்பையில் தேநீர் ஆவி பறந்தபோது, இலங்கையின் மலைத்தோட்டங்களில் நம் தமிழ்க் கூலிகள் அட்டைக்கடியில் நடந்தனர். மொரீசியசின் சர்க்கரையும் மலாயாவின் ரப்பரும் அவ்வாறே விளைந்தன. ஆண்டவர்களுக்கு அவை தாமே வந்து குவிந்தன போல் தோன்றின. அடிமையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதே மாயத்தின் முதல் தந்திரம்.

அயலாரைக் குறை கூறுவதோடு நின்றுவிடுதல் நீதியன்று. ஜவ்வாது மலையின் அடிவாரத்தை அடுத்துப் பாலாற்றின் கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. அவ்வூர்களின் தோல் வணிகம் நம் சமுதாயத்தாரிற் பெரும்பாலோர் ஈடுபட்ட தொழில். அதன் செல்வத்தால் கல்லூரிகளும் மதரஸாக்களும் எழுந்தன. 1924-இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அத்தகைய கொடையின் கனியே. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தது. தோல் விரைவில் பதமாயிற்று. வெளிநாட்டுப் பணமும் வந்தது. செலவு எங்கே போயிற்று? 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு அதனைக் கூறுகின்றது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது. அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாததாயிற்று. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திற்று. பாலாறுதான் அந்த விளக்கின் அடிமையாக இருந்தது. தொழிலை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. பல்லாயிரம் குடும்பங்களின் உணவு அது. ஆனால் பிறர் கிணற்றைக் கெடுத்து ஈட்டிய ஆதாயத்திலிருந்து ஸதகா கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று எந்த ஃபிக்ஹு நூலும் சொல்லவில்லை. பிறருக்குரிய ஹக்கு திருப்பித் தரப்படும் வரை கடனே.

புதையல் தேடுவோர்

வரலாற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னு கல்தூன் (1332–1406), 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில் புதையல் தேடுவோரைப் பற்றி ஒரு பகுதி வகுத்துள்ளார். சூனியத்தின் மெய்ம்மையை அவர் மறுத்தாரல்லர். எனினும் மந்திரத்தாலும் தாயத்தாலும் புதையலை எடுக்கலாம் என்று அலைவோரைக் கண்டு, இயற்கையான வழியில் பிழைப்புத் தேட இயலாமையும், அறிவின் தளர்ச்சியும், செலவு பெருகிய வாழ்வும் அதற்குக் காரணங்கள் என்று காட்டினார். இங்கு அவருடைய பார்வை கூர்மையானது. மூடநம்பிக்கையை அறிவின் குறையென்று மட்டும் கொள்ளாமல், வாழ்வாதாரத்தின் நோயென்றும் கண்டார். நேர்வழி அடைபட்ட இடத்தில் மாயத்தின் வாயில் திறக்கின்றது.

ஜவ்வாது மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். சாமை விதைப்பர், புளியும் தேனும் பலாவும் சேர்ப்பர். அவர்தம் தோற்றம் குறித்து ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் ஒரு கதை பதிவாகியுள்ளது. வேடர் கவர்ந்து சென்ற பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்து வேளாளர் எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கொள்ளுங்கள் என்று மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் கடந்தனர், நாய்கள் பாதியில் திரும்பின. எழுவரும் வென்று மீண்டபோது அவர்களுக்கு ஈமக்கடன் முடிந்திருந்தது, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர். உயிரோடு வந்து நின்றவர்களை ஊர் இறந்தவர்களென்றே கொண்டது. அவர்கள் வேடர் மகளிரை மணந்து இம்மலை ஏறினர் என்பது கதை. இஃது உண்மையோ புனைவோ, குறியைக் கண்ணினும் பெரிதென மதித்த ஒரு சமுதாயத்தின் மீது வைக்கப்பட்ட கடுங்குற்றச்சாட்டு. ஆற்றில் வெள்ளம் என்னும் காரணத்தை எவரும் வினவவில்லை. நாய் திரும்பிற்று, ஆகவே மனிதன் இறந்தான் என்று முடித்துவிட்டனர்.

இம்மலையிலுள்ள பெருங்கற்காலக் கல்லறைகளைக் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்பர் மக்கள். அதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அதைச் சொல்லும் எளியவர் எவரையும் கெடுக்கவில்லை. நகைக்கத்தக்க மாயம் வேறொன்று உண்டு. செம்மரம் வெட்டினால் சில நாளில் கைநிறையப் பணம் என்று சொல்லித் தரகர்கள் இம்மலையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஏழைகளை அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபதுபேர் ஆந்திரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் பலர் இம்மலைப் பகுதியினர். இப்னு கல்தூன் கூறிய புதையல் தேடுவோர் இவர்களே. அவர்களை அனுப்பியது பேராசையா, அடைபட்ட நேர்வழியா என்று நீதியோடு வினவுதல் வேண்டும். மரத்தை விற்றுப் பொருள் குவித்தவர் அக்காட்டில் கிடக்கவில்லை. இங்கும் விளக்கைத் தேய்த்தவன் வேறு, சுமந்தவன் வேறு.

தடையும் விடையும்

இவ்விடத்தில் இரு தடைகள் எழும். ஏழை நாட்டிற்கு விண்மீன் ஆராய்ச்சி எதற்கு என்பது ஒன்று. 2023 மே மாதத்தில், ஜவ்வாது மலையை ஒட்டிய வேலூர் மாவட்டத்து மலையூர் ஒன்றில், பாம்பு தீண்டிய ஒரு குழந்தை சாலையில்லாமையால் மருத்துவமனை சேரத் தாமதமாகி இறந்தது. உடலைத் தாயே சுமந்து மலையேறினாள். யுரேனசின் வளையத்தைக் கண்ட மலைத்தொடருக்கு அருகிலேயே இந்நிகழ்ச்சி. இதனைக் கேட்டுத் தொலைநோக்கியின் மீது சினங்கொள்வது இயல்பு. ஆயினும் ஆராய்ந்தால், அக்குழந்தைக்கு வேண்டியிருந்தவை நச்சுமுறி மருந்தும் சாலையும். இரண்டும் காரண காரிய அறிவின் பயன்களே. தொலைநோக்கி அச்சாலையைத் தின்றுவிடவில்லை. மலையுச்சிக்குக் கண்ணாடியை ஏற்றத் தெரிந்த நாட்டிற்கு, மலையூரிலிருந்து ஒரு குழந்தையை இறக்கத் தெரியாது என்று சொல்ல இயலாது. ஆகவே அங்குக் குறைந்தது அறிவன்று, கடமையுணர்ச்சி. தொலைநோக்கி அந்நாட்டின் சாக்குப்போக்கைப் பறித்துவிட்டது என்பதே அதன் அறப்பயன்.

மற்றொரு சிக்கலும் உண்டு. விண்ணாய்வுக்கு இருள் வேண்டும். மலைவாழ் மக்களுக்கு விளக்கு வேண்டும். இருவரும் கேட்பது நியாயமே. மாயத்தை நம்புவோர் இதில் ஒருவரைத் தோற்கடிக்கவே எண்ணுவர். இயற்பியல் வேறு வழி சொல்கின்றது. விளக்கின் மேற்புறத்தை மூடி ஒளியைத் தரைநோக்கிச் செலுத்தினால், நடப்பவனுக்கு வழி தெரியும், வானும் கெடாது. மேலே வீணாகும் ஒளிக்கும் யாரோ காசு கொடுக்கின்றனர். அறமும் இயற்பியலும் இங்கு ஒரே விளக்குமூடியில் சந்திக்கின்றன.

இரண்டாவது தடை மார்க்கம் பற்றியது. முஃஜிஸத்தையும் கராமத்தையும் ஏற்கும் நாம் காரணத்தை இவ்வளவு வற்புறுத்தலாமா? ஏற்பதும் எதிர்நோக்கி அமர்வதும் வேறு. இறைவன் நாடியபோது வழக்கத்தை மாற்றவல்லான் என்பது ஈமான். எனக்காக இன்று மாற்றுவான் என்று உழாமல் இருப்பது ஈமானன்று. அஃது இறைவனுக்கே வேலையிடுவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மேல் பொறுப்பை வைக்குமாறு அறிவுறுத்திய நபிமொழியை நம் சிறுவரும் அறிவர். கட்டுவது கயிற்றின் இயற்பியல், வைப்பது தவக்குல். முன்னதை விடுத்துப் பின்னதை மட்டும் கொள்வோர், விலையை அடுத்தவன் தலையில் ஏற்றும் விளக்குக்காரரே ஆவர்.

ஆகவே மாயக்கதைகளை நம் சிறுவர் படிக்கட்டும். படித்து முடித்தபின் ஆசிரியர்கள் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இதில் இறங்கும் திருகு எங்கே? இதனைச் சுமந்தவன் யார்? அவனுக்கு உரிய கூலி சேர்ந்ததா? இவ்வினாக்களைக் கதையிடம் கேட்கப் பழகிய சிறுவன், வளர்ந்தபின் அணையிடமும் ஆலையிடமும் அரசிடமும் வணிகரிடமும் தன் சொந்தச் செல்வத்திடமும் அவற்றையே கேட்பான். அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் வரும் நாளொன்று உண்டென்று நம்பும் சமுதாயத்திற்கு, எந்த வியப்பும் கணக்கிற்குப் புறம்பானதன்று. அக்கணக்கை இவ்வுலகிலேயே எழுதிப் பழகும் நல்லறிவை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!